விழுந்த நட்சத்திரங்களும் வெட்டிய இலைகளும்: குயில்ட் வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

'இயற்கையால் தூண்டப்பட்ட கலை' என்ற தொடரை எங்கே பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இயற்கை யார் வீட்டுக் கதவையும் தட்டி 'என்னை வரை' என்று சொல்வதில்லை. காட்டை வேடிக்கை பார்க்கிறவர் ஒருவர், அதில் விறகு பொறுக்குகிறவர் இன்னொருவர், அதைப் பட்டா போட்டுக்கொள்கிறவர் மூன்றாமவர். மூவருக்கும் தெரிவது ஒரே காடு அல்ல. எனவே ஒரு துணியில் இலையோ பறவையோ மலையோ தைக்கப்பட்டிருந்தால், 'ஆகா எவ்வளவு தத்ரூபம்' என்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. இந்த இலை எந்த வழியாக இந்தத் துணிக்கு வந்து சேர்ந்தது? தைத்தவருக்கும் அந்த மரத்துக்கும், மரம் நின்ற மண்ணுக்கும் என்ன உறவு? தைத்தவர் பெயர் எங்கே?

அமெரிக்காவில் 'கலை குயில்ட்' என்று தனித்த ஒரு வகைமை இன்று நிலைபெற்றுவிட்டது. கண்காட்சி, பரிசு, விலைப்பட்டியல், அட்டை போட்ட தொகுப்புகள் எல்லாம் உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் நிலக்காட்சியும் காட்டுயிரும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது: பனி படிந்த பிர்ச் மரங்கள், ஆந்தைகள், ஏரிக்கரையில் நாரைகள், இலையுதிர்காலச் சிவப்பு. கைத்திறனைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனால் இந்தப் படங்களுக்கு எழுதப்படும் விளக்கங்களில் இயற்கை என்பது அரசியலுக்கு வெளியே இருக்கிற, மனசுக்கு ஆறுதல் தருகிற ஓர் இடமாகவே கட்டமைக்கப்படுகிறது. குயில்ட்டின் வரலாற்றுக்குள் போனால் இந்த ஆறுதல் நிற்காது.

முதலில் பொருளைச் சொல்லிவிடலாம். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி. மூன்றையும் ஊடுருவி ஊசி போய்வர வேண்டும். அதுதான் குயில்ட். மேல்துணியைத் துண்டு துண்டாக இணைத்தும் செய்யலாம், முழுத்துணிமேல் வெட்டிய உருவங்களை வைத்து ஓரம் மடித்துத் தைத்தும் செய்யலாம். இரண்டாவதை ஒட்டுவேலை என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். நமக்கு இது ஒன்றும் புதிசு இல்லை. எங்கள் அம்மாச்சி நைந்துபோன நூல்சேலை நாலைந்தை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, ஓரம் மடித்து, நீளவாக்கில் நூலோட்டி வைத்திருப்பாள். பஞ்சு கிடையாது, சேலையே பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் கந்தை. வங்காளத்துக் 'காந்தா'வும் நம்முடைய 'கந்தை'யும் சொந்தக்காரச் சொற்கள்தான். அது கைவினைக் கடைகளில் ஏறிவிட்டது, இது வசவாகவே தங்கிவிட்டது. 'இது ஒங்க பெரியம்மா தலைச்சனுக்கு வளைகாப்பன்னைக்குக் கட்டுனது, இது அந்த மனுசன் செத்த அன்னைக்கு உடுத்தியிருந்தது' என்று ஒவ்வொரு ஒட்டுக்கும் அவளிடம் ஓர் ஆள் இருந்தது. அதில் பூவோ பறவையோ இல்லை. இருந்திருந்தால் நானும் 'இயற்கை' என்று எழுதியிருப்பேன்.

*

மேற்கத்தியக் குயில்ட்டில் பூவும் கொடியும் பறவையும் எப்படி வந்தன என்று தேடிப்போனால் நம் கடற்கரைக்கே வந்து நிற்கவேண்டியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கலம்கொண்டு எழுதிய துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. கறுப்புக்கு இரும்பு நீர், சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும், நீலத்துக்கு மெழுகு பூசி அவுரித்தொட்டியில் முக்குவது என்று ஒரு துணி பலமுறை நீரிலும் வெயிலிலும் கிடந்து எழுந்து வரும். வெளுத்தாலும் சாயம் போகாது என்பதுதான் ஐரோப்பியரை வாய்பிளக்க வைத்தது. அவர்களிடம் அப்போது அந்த வித்தை இல்லை. கட்டிலில் விரிக்கும் பெரிய துணிக்குப் 'பலம்போர்' என்று பெயர். பலங்போஷ் என்பதன் திரிபு. நடுவே ஒரு சின்னக் குன்று, அதிலிருந்து நெளிந்து எழும் ஒற்றை மரம், ஒரே மரத்தில் பத்துவகைப் பூ, கிளையில் மயிலோ கிளியோ. இதை 'வாழ்வின் மரம்' என்று கலை வரலாற்றுக்காரர்கள் அழைக்கிறார்கள். 'கீழைத்தேய மனத்தின் இயற்கை வழிபாடு' என்று உருகி எழுதியவர்களும் உண்டு.

கதை வேறு. 1643இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சூரத்துக் கிடங்குக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நீங்கள் அனுப்பும் குயில்ட்டுகளில் பெரும்பாலானவை மங்கிய சிவப்புப் பின்னணியில் வருகின்றன, இங்கே போகவில்லை. இனி வெள்ளைப் பின்னணி வேண்டும், நடுவே பூவும் கிளையும் வண்ணத்தில் இருக்கட்டும் என்பது சாரம். 1660களில் லண்டனிலிருந்தே மாதிரிப் படங்கள் அனுப்பப்பட்டன. இந்திய எழுத்துக்காரர்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் கைப்பழக்கத்தில் எழுதினார்கள். அந்த மாதிரிகளிலேயே சீனச் சாயல், பாரசீகச் சாயல் எல்லாம் கலந்து கிடந்தன. ஆக, அந்த மரம் எந்தத் தோப்பிலும் முளைத்ததல்ல. பேரேட்டில் முளைத்து, படகில் வளர்ந்து, வேறொருவன் கையால் பூத்த மரம் அது. 'இயற்கையின் நேரடிப் பதிவு' என்று நாம் எதை நினைக்கிறோமோ அது ஒரு கொள்முதல் உத்தரவு.

அந்தச் சிவப்புக்கு வேண்டிய சாயவேர் பற்றி ஒரு வார்த்தை. சோழமண்டலக் கரையிலும் வட இலங்கையில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கங்களிலும் மணற்பாங்கான நிலத்தில் அது கிடைக்கும். நீளமான, மெல்லிய வேர். நுனி அறாமல் தோண்டவேண்டும். டச்சுக்காரர் ஆட்சியில் வட இலங்கையில் இது சாதிவாரியாகச் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. ஐரோப்பியச் சீமாட்டியின் கட்டிலில் பூத்த ரோஜாவுக்குக் கீழே யார் குனிந்திருந்தார்கள் என்பதை எந்த அருங்காட்சியக அட்டையும் சொல்வதில்லை.

துணி அங்கே போய்ச் சேர்ந்ததும் ரகளை. பிரான்ஸ் 1686இல் தடை செய்தது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டம், போதாமல் 1721இல் இன்னொரு சட்டம் போட்டது. இரண்டாவது, அச்சிட்ட பருத்தித்துணியை உடுத்துவதையும் கட்டில், நாற்காலிகளுக்குப் பயன்படுத்துவதையும்கூடத் தடுத்தது. இடையில் 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தெருவில் சீட்டித்துணி உடுத்திய பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள், அமிலம் ஊற்றினார்கள். பஞ்சத்தில் கிடந்த நெசவாளியின் கோபம் நியாயமானதுதான். அது இறங்கியது மட்டும் கம்பெனிக்காரன்மேல் அல்ல, பெண்ணுடல்மேல். இது எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கிறதல்லவா!

துணி அரிதாக, விலை ஏற, பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். கிழிந்த சீட்டியில் பூவை மட்டும், பறவையை மட்டும் சுற்றிவர வெட்டியெடுத்து வெள்ளைத்துணிமேல் வைத்துத் தைத்தார்கள். ஒரு முழம் துணி ஒரு கட்டிலுக்குக் காணும்படி ஆயிற்று. இங்கிலாந்தில் காலம் தெரிந்த மிகப் பழைய ஒட்டுத்துணி விரிப்பு என்று காட்டப்படுவது கம்ப்ரியாவில் லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது, சுமார் 1708. அதன் துண்டுகள் இந்தியச் சீட்டி. வெட்டி ஒட்டும் இந்த முறை அமெரிக்கத் தென்மாநிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கொடிகட்டிப் பறந்தது. அப்புறம் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள்: 'ப்ரோதரி பெர்ஸ்', பாரசீகப் பூத்தையல். துணி இந்தியாவினுடையது, தைத்தது வெள்ளைக்காரப் பெண்கள், பல தோட்டங்களில் அடிமைப் பெண்களும். பெயர் மட்டும் பாரசீகத்துக்குப் போயிற்று. பெயரிடுதல் ஒரு சின்னக் களவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

*

ஹேரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகருக்கு அருகே, அடிமையாகப் பிறந்தவர். 1910இல் இறந்தார். அவர் தைத்ததில் இரண்டு குயில்ட்டுகள் எஞ்சியிருக்கின்றன. பதினொரு கட்டங்கள் கொண்ட 'பைபிள் குயில்ட்' வாஷிங்டன் ஸ்மித்சோனியனிலும், பதினைந்து கட்டங்கள் கொண்ட 'படக் குயில்ட்' பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. நான் இவற்றை நிழற்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்துக்கு அந்த மிருகங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

முதல் குயில்ட்டின் கதை பலருக்கும் தெரிந்திருக்கலாம். 1886இல் ஏதென்ஸில் நடந்த பருத்திச் சந்தையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளை ஓவிய ஆசிரியை பார்த்து மயங்கி விலை கேட்டார். பவர்ஸ் விற்க மறுத்துவிட்டார். சில வருடங்கள் கழித்துக் கஷ்டம் நெருக்கியபோது அவரே வந்து பத்து டாலருக்குத் தருவதாகச் சொன்னார். ஸ்மித் ஐந்துதான் தரமுடியும் என்றார். வீட்டுக்காரரிடம் கலந்துகொண்டு ஐந்துக்கே கொடுத்துவிட்டுப் போனார் பவர்ஸ். போவதற்கு முன் ஒவ்வொரு கட்டமாக விளக்கம் சொன்னார், ஸ்மித் எழுதிக்கொண்டார். அதன்பிறகும் சிலமுறை அந்த வீட்டுக்கு வந்து தன் துணியைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் ஸ்மித்தின் குறிப்பு சொல்கிறது. நிலத்தை விற்றவன் வரப்போரம் வந்து நின்று பார்ப்பதுபோல.

இரண்டாவது குயில்ட் 1898இல் சார்ல்ஸ் கத்பர்ட் ஹால் என்ற பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. என் அக்கறை இதில்தான் அதிகம். பதினைந்தில் பாதிக்கு மேல் வேதாகமக் கதைகள்: யோபு, யோனா, மோசேயின் பாம்பு, ஜோடி ஜோடியாக மிருகங்கள். மற்றவை வானம் செய்த காரியங்கள். 1780 மே 19, இருண்ட நாள்: பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது, மாடுகள் கட்டுத்தறிக்குத் திரும்பின, கோழிகள் அடைந்தன. 1833 நவம்பர் 13, நட்சத்திரங்கள் உதிர்ந்த இரவு: உலகம் முடிந்தது என்று சனங்கள் நடுங்க, புதரிலிருந்த பிராணிகள் அலறியடித்து வெளியே ஓடின. 1846, செவ்வொளி இரவு. பிறகு 1895 பிப்ரவரியில் ஒரு குளிர் வியாழன்: செபம் செய்தபடி ஒரு பெண் உறைந்துபோனாள், கோவேறு கழுதையின் மூச்சு பனிக்கட்டியாகத் தொங்கியது, நீலப்பறவைகள் எல்லாம் செத்தன, ஒருவன் சாராயச் சாடியோடு விறைத்துக் கிடந்தான்.

இவை 'இயற்கைக் காட்சிகள்'தாமா? 1780இலும் 1833இலும் பவர்ஸ் பிறக்கவே இல்லை. இருண்ட நாள் நடந்தது அவர் ஊரிலிருந்து வெகுதூரத்தில், வடக்கே நியூ இங்கிலாந்துப் பகுதியில். கனடாவின் ஒண்டாரியோ பக்கம் எரிந்த காட்டின் புகை என்று மரங்களின் வளைய வடுக்களை ஆராய்ந்து பின்னாளில் சொன்னார்கள். 1833இல் பெய்தது லியோனிட் விண்கல் மழை. இந்த அறிவியல் பெயர்கள் எதுவும் அவர் தைத்ததை எட்டவில்லை. அவர் தைத்தது கண்ணால் கண்டதை அல்ல, காதால் கேட்டதை.

அடிமை முறையில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. எசமானின் சொத்துப் பட்டியலில் மாட்டுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். எழுதப் படிக்கக் கற்பதே தென்மாநிலங்கள் பலவற்றில் சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தது. 'நட்சத்திரம் விழுந்த வருசம் நான் இம்மாஞ்சிறுசு' என்றுதான் பல முன்னாள் அடிமைகள் தங்கள் வயதைச் சொன்னார்கள். நம்மூர்ப் பெரியாட்கள் 'தாது வருசப் பஞ்சத்துல பொறந்த ஆளு', 'தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின வருசம் கல்யாணம்' என்று சொல்வதை ஒப்பிடலாம். எழுத்து மறுக்கப்பட்டவர்களுக்கு வானமே பஞ்சாங்கம், வெள்ளமே ஆவணக் காப்பகம். பவர்ஸின் துணியில் இருப்பது நிலக்காட்சி அல்ல, காலக்கணக்கு. வேதாகமத்துக்குச் சமமான தகுதி கொடுத்து அதே அளவுக் கட்டத்தில் அந்தக் காலக்கணக்கை வைத்திருக்கிறார் என்பது சாதாரண விஷயமில்லை. யோனாவுக்கு ஒரு கட்டம், கோவேறு கழுதையின் மூச்சுக்கு ஒரு கட்டம்!

ஒரு பன்றியும் இருக்கிறது. கடவுளைப் பற்றி எதுவும் கற்காத பணக்காரர்கள் நரகத்துக்குப் போகும் கட்டத்தின் கீழ்ப்பகுதியில், ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவரை 500 மைல் ஓடிய சுதந்திரப் பன்றி. அதற்குப் பெயரும் உண்டு: பெட்ஸ். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் ஒரு பன்றியைத் தப்பியோடிய அடிமையின் உருவகமாக வாசித்த ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்பில் ஆட்சேபம் கிடையாது. ஆனால் உருவகம் என்று சொல்லிப் பன்றியைத் தொலைத்துவிடக் கூடாது. எசமானுக்கு உடைமை என்ற வகையில் பன்றியும் அடிமையும் ஒரே பட்டியலில் இருந்தவர்கள். அந்தப் பட்டியலை விட்டு ஓடிய ஒரு பிராணியைப் பற்றிய பேச்சு அடிமைக் குடிசைகளில் எந்தக் குரலில் சொல்லப்பட்டிருக்கும்? சிரிப்போடுதான் என்று நினைக்கிறேன். பெரிய மனிதர்கள் நரகத்துக்குப் போகிற அதே கட்டத்தில் பன்றி விடுதலையாகி ஓடுகிறது. இந்தக் கேலியை 'அப்பாவி நாட்டார் கலை' என்ற சட்டகத்துக்குள் அடைக்க முடியாது.

ஆனால் அப்படித்தான் அடைத்தார்கள். ஒட்டுவேலை உருவங்களை மேற்கு ஆப்பிரிக்கத் தஹோமி அரசின் துணிக்கொடிகளோடு ஒப்பிட்டுப் பிற்கால ஆய்வாளர்கள் ஒரு தொடர்ச்சியைக் காட்டினார்கள். அது தேவையான தலையீடு. என்றாலும் பவர்ஸ் எழுதப் படிக்கத் தெரியாதவர், கேட்டதை அப்படியே தைத்தவர் என்ற சித்திரம் நெடுங்காலம் அசையவில்லை. எழுத்தறியாமை, வெகுளித்தனம், இயற்கையோடு ஒன்றிய மனம் என்பன ஒரே கண்ணியில் கோத்த மணிகள். 2009இல் கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் தம் நூலில் ஒரு கடிதத்தை வெளிக்கொண்டுவந்தார். 1896இல் பவர்ஸ் அனுப்பிய கடிதத்தின் படி. அதில் அவர் தன் பிறப்பைச் சொல்கிறார், படிக்கக் கற்றதைச் சொல்கிறார், தான் செய்த மற்றக் குயில்ட்டுகளைச் சொல்கிறார். இயேசுவின் கடைசி இராப்போசனத்தை வைத்து ஒன்று செய்தாராம். நூறாண்டுக்கு மேலாக ஜென்னி ஸ்மித்தின் குறிப்பு வழியாகவே பேசிக்கொண்டிருந்த பெண் முதல்முறையாகத் தன் வாயால் பேசினார்.

குளிர் வியாழனில் ஒரு சின்ன முடிச்சு. துணியோடு வந்த குறிப்பு 1895 பிப்ரவரி 10 என்கிறது. நாட்காட்டிப்படி அது ஞாயிற்றுக்கிழமை. வியாழன் என்றால் 7 அல்லது 14. தேதி எழுத்தின் கணக்கு, கிழமை நினைவின் கணக்கு. துணியில் இவை இரண்டுமே இல்லை. ஊசியால் தைத்த மனிதர்கள்தான் விறைத்து நிற்கிறார்கள்.

*

ஹவாய்த் தீவுகளுக்குப் போனால் இலைகள் வேறுமாதிரிப் பேசுகின்றன. 1820 ஏப்ரல் 3 அன்று 'தாடியஸ்' என்ற கப்பலின் மேல்தளத்தில் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிப் பெண்கள் ஹவாயின் அரசகுலப் பெண்களை உட்காரவைத்து ஊசியும் ஒட்டுத்துணியும் கொடுத்தார்கள். தையல் வகுப்பின் நோக்கம் தையல் மட்டும் அல்ல. உடலை மூடு, நேரத்துக்கு உட்கார், வாயை மூடி வேலை செய் என்பதெல்லாம் அந்த ஊசிக்காதில் கோத்த நூல்கள். ஒழுக்கப்படுத்தலின் நுண் அரசியல் எப்படி விரல்நுனிவரை இறங்குகிறது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது.

ஆனால் அந்தப் பெண்கள் வெற்றுப் பலகைகள் அல்ல. மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணியாக்கும் 'கப்பா' அவர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. படுக்கைக்குப் பல அடுக்குக் கப்பாவை ஒரு பக்கம் சேர்த்துத் தைப்பார்கள். மேலடுக்கில் மட்டும் சித்திரம். அடுக்கு என்கிற கருத்தையே மிஷனரி கற்றுக்கொடுக்கவில்லை. முழுத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி ஒட்டுவது அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது என்று சொல்லப்படுவதுண்டு. அவர்கள் உருவாக்கிய முறை வேறு. ஒரே நிறத் துணியை எட்டாக மடித்து, ஒரே வெட்டில் இலையையும் கிளையையும் வெட்டி, விரித்து, வெள்ளைமேல் வைத்துத் தைப்பது. பிறகு உருவத்தின் விளிம்பை ஒட்டி, விரலகலம் விட்டு விட்டு, வரிவரியாக நூலோட்டிக்கொண்டே வெளியே போவது. கல் விழுந்த குளத்தில் அலை பரவுவதுபோல. வெயிலில் உலரப்போட்ட விரிப்பின்மேல் மரநிழல் விழ, ஒருத்தி அந்த நிழலையே வெட்டினாள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை அழகு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு வழக்கம்: வடிவம் செய்தவளுக்குச் சொந்தம். அவளைக் கேட்காமல் இன்னொருத்தி நகலெடுப்பது திருட்டு. அதற்கு அவள் இட்ட பெயரின் உட்பொருள் அவளுக்கும் அவளுக்கு நெருங்கியவர்களுக்கும் மட்டும் தெரியும்.

கற்பவர் முதலில் செய்யவேண்டியது 'உலு' வடிவம் என்பார்கள். உலு என்றால் நாம் சீமைப்பலா என்றும் ஈழத்தில் ஈரப்பலா என்றும் சொல்கிற மரம், செழிப்பின் அடையாளம். இதே மரத்தைத் தாஹிதியிலிருந்து கன்றுகளாக ஏற்றிக்கொண்டு போய்க் கரீபியத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவுத் தீனியாக்க பிரிட்டிஷார் முயன்றார்கள். 1789இல் 'பவுன்டி' கப்பலில் கலகம் வெடித்துக் கன்றுகள் கடலுக்குப் போயின. 1793இல் இரண்டாம் முயற்சி செயின்ட் வின்சென்ட்டுக்கும் ஜமைக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரே இலை, ஒருத்தி மடியில் ஆசீர்வாதம், பேரரசின் கணக்கில் கலோரி.

1893 ஜனவரி 17 அன்று, துறைமுகத்தில் இறங்கிய அமெரிக்கக் கடற்படை வீரர்களின் நிழலில், கரும்புத்தோட்ட வர்க்கமும் அதன் கூட்டாளிகளும் அரசி லிலியுஒகலானியைக் கவிழ்த்தார்கள். அரசாட்சிக்காக நான் கண்ணீர்விடப் போவதில்லை. ஆனால் கவிழ்த்தவர்கள் மக்களாட்சிக்காரர்கள் அல்ல, சர்க்கரை முதலாளிகள். அதன்பின் நடந்ததுதான் நம் கட்டுரைக்கு வேண்டியது. அரசியல் கூட்டங்கள் ஒடுக்கப்பட்டிருந்த 1894 அக்டோபரில், அரசியின் ஆதரவாளர்கள் ஹொனலுலுவில் 'உலுஹைமலாமா' என்ற தோட்டத்தில் கூடிச் செடி நட்டார்கள். செடி நடுவதை யார் தடுக்கமுடியும்? நட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைபொருள் இருந்தது. 1895 ஜனவரியில் அரசிக்காக எழுந்த கிளர்ச்சி தோற்றது. அவரைக் கைதுசெய்து அவருடைய இயோலானி அரண்மனையிலேயே ஓர் அறையில் ஏறக்குறைய எட்டுமாதம் அடைத்தார்கள். செய்தித்தாள் கூடாது என்று உத்தரவு. அந்தத் தோட்டத்துப் பூக்களைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினார்கள். பூவை வைத்துவிட்டு அரசி தாளைப் படித்தார். காவலனுக்குத் தெரிந்தது இயற்கை; அவருக்குக் கிடைத்தது செய்தி.

ஹவாய் மொழியில் இந்த மறைபொருளுக்குக் 'கவோனா' என்று பெயர். கருப்பொருளைச் சொல்லி உரிப்பொருளை உணர்த்தும் உள்ளுறையில் ஊறிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நம் இலக்கண வாத்தியார்கள் உள்ளுறையைத் தலைவிக்கும் தோழிக்கும் மட்டுமே ஒதுக்கிவிட்டார்கள். காவலன் முன்னால் பேசுகிறவர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது.

அந்த அறையில் அரசியும் உடனிருந்த தோழியும் ஒரு குயில்ட் தொடங்கினார்கள். ஹவாய் இலைவெட்டு முறையில் அல்ல. அந்தக் காலத்து ஆங்கில, அமெரிக்க மாளிகைகளில் நாகரிகமாக இருந்த, பட்டும் வெல்வெட்டும் கோணல்மாணலாக இணைக்கும் முறையில். ஒன்பது கட்டங்கள், பூத்தையலில் கொடிகள், தேதிகள், ஆதரவாளர்களின் பெயர்கள். அரண்மனையில் சிறைவைக்கப்பட்டதும் அங்கேதான் இதைத் தொடங்கினோம் என்பதும் நடுக்கட்டத்தில் தைக்கப்பட்டிருக்கிறது. 1820இல் அடக்க ஒடுக்கம் கற்பிக்க வந்த ஊசி, 75 வருடம் கழித்துக் குற்றப்பத்திரிகை எழுதியது. வெளியே சாதாரணப் பெண்கள் 'என் அன்புக் கொடி' என்று பெயரிட்டு நான்கு பக்கமும் ஹவாய்க் கொடியைத் தைத்துப் படுக்கைவிரிப்புச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வடிவம் அதற்கு முன்பே உண்டு; கவிழ்ப்புக்குப் பின் அதன் பொருள் கனத்துவிட்டது. 1897இல் இணைப்பை எதிர்த்து 21,000க்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போயிற்று. 1898இல் இணைத்துக்கொண்டார்கள். மனு காப்பகத்தில் தூங்கியது. 1990களில் நோயெனோயே சில்வா என்ற ஆய்வாளர் அதை மறுபடி பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். குயில்ட் மட்டும் கண்முன்னே இருந்துகொண்டே இருந்தது. அலங்காரப் பொருளாகப் பார்க்கப்பட்டதே அதற்குப் பாதுகாப்பு.

*

1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்டுகளைக் கட்டிலிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியது. ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் சேர்த்தவை அவை. நவீன அருவ ஓவியத்துக்கு முன்னோடிகள் இவை என்பது வாதம். கூட்டம் அலைமோதியது. ஆனால் சுவரில் ஏறியது துணி. தைத்த பெண் ஏறவில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. அருவம் என்று சொன்ன மாத்திரத்தில் அவள் அதற்கு இட்டிருந்த 'காட்டுவாத்தின் பாய்ச்சல்', 'கரடியின் பாதம்' போன்ற பெயர்களும் காலாவதியாகிவிட்டன. 1973இல் பட்ரீஷியா மைனார்டி பெண்ணிய இதழொன்றில் இதை வெளுத்து வாங்கினார். பெண்கள் தாங்கள் செய்வது என்னவென்று தெரிந்தே செய்தார்கள், பெயரும் தேதியும் தைத்தார்கள், ஆண் ஓவியனின் நிழலாக்கி அவர்களை உயர்த்தத் தேவையில்லை என்ற திசையில் போகும் கட்டுரை.

சுவர் கிடைத்தபின் சுவருக்கென்றே தைக்கிறவர்கள் வந்தார்கள். 1979இல் ஒஹையோ மாநிலத்து ஏதென்ஸில் ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டகையில் 'குயில்ட் நேஷனல்' கண்காட்சி தொடங்கியது. 1989இல் கலை குயில்ட்காரர்களுக்கென்று சங்கம் அமைந்தது. பெயர், தேதி, கையொப்பம் எல்லாம் கிடைத்தன. இது நிச்சயம் வெற்றிதான். கூடவே, சுவரில் ஏறிய ஆந்தைக்கும் நாரைக்கும் ஊர் இல்லாமல் போயிற்று. பெட்ஸ் என்ற பன்றிக்கு ஊர் இருந்தது, மைல் கணக்கு இருந்தது.

1992ஐ ஒட்டி இன்னொன்று நடந்தது. ஸ்மித்சோனியன் தன்னிடமிருந்த பழைய குயில்ட்டுகள் நான்கின் வடிவங்களை நகலெடுக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. சீனாவில் கூலிக்குத் தைத்து அமெரிக்கப் பட்டியல் கடைகளில் விற்றார்கள். நான்கில் ஒன்று ஹேரியட் பவர்ஸின் பைபிள் குயில்ட். அமெரிக்கக் குயில்ட்காரர்கள் கொதித்துப்போய் மனுக்கள் எழுதினார்கள், ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நம் பாரம்பரியத்தை விற்றுவிட்டார்கள், நம் பிழைப்பில் மண் என்பது அவர்கள் குரல். நியாயம்தான். ஆனால் சீனத் தொழிற்கூடத்தில் ஆதாமையும் ஏவாளையும் பாம்பையும் அளவுமாறாமல் வெட்டித் தைத்த பெண்ணைப் பற்றி அந்த விவாதத்தில் பேசியவர்கள் குறைவு. 1643இல் லண்டன் கடிதத்தைப் பார்த்துச் சிவப்பை விட்டு வெள்ளைக்கு மாறிய எழுத்துக்காரனைப் போலவே அவளும் யாரோ சொன்ன மரத்தை, யாரோ சொன்ன பாம்பை, யாரோ படுக்கிற கட்டிலுக்காகச் செய்துகொண்டிருந்தாள்.

பவர்ஸின் கல்லறைக் கல் ஏதென்ஸ் நகரின் கறுப்பர் இடுகாட்டில், புதர் மண்டிக் கிடந்த இடத்தில், 2005இல் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய இரண்டு குயில்ட்டுகளும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டது 2021 அக்டோபரில், பாஸ்டனில். அப்போது அவற்றின்மேல் விலை எதுவும் எழுதியிருக்கவில்லை.